வெளியே நின்ற 11 நிமிடம்

கலை நிதிக்கான ஆலோசனைக் குழுவின் தலைவி 37ஆம் எண் விண்ணப்பத்தின் பெயரை வாசித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. காலையில் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளில், இந்த விண்ணப்பதாரரை எனக்குத் தெரியும் என்று நானே எழுதியிருந்தேன். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தில் ஒரு காபி இயந்திரம், ஒரு நாற்காலி, சுவரில் ஒரு தீயணைப்புக் கருவி. கருவியைக் கடைசியாகச் சோதித்த தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை நாலு தடவை வாசித்தேன். உள்ளே ஏழு பேர் ஒரு தெருக்கூத்துக் குழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட வாழ்நாளில் கூத்துப் பார்த்ததில்லை. பார்த்து வளர்ந்தவள் வெளியே நின்று தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொந்த ஊர் உத்திரமேரூருக்குப் பக்கம். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து 24 வருடமாகிறது. வேலை, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுவது. சனிக்கிழமைகளில் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தா, வட ஆற்காட்டிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து வந்து 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் நின்றது. 1911 வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மொழி பேச்சிலிருந்து போய்விட்டது. காவடி, தீமிதி, கூழ் ஊற்றுதல், கூத்து இவை போகவில்லை. கூத்துக்கு இங்கே பெயர் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்'. முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி ஒரு மணிக்குத் திரைக்குப் பின்னாலிருந்து அரிச்சந்திரன் குரல் கொடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

மாகாண அளவில் கலைகளுக்குப் பொதுப்பணம் தருகிற ஒரு நிதி. அதற்கு ஆலோசகர்கள் வேண்டும், பொதுமக்கள் பெயர் தரலாம் என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. என் மாணவி ஒருத்தியின் அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டு, கொடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். சம்பளம் கிடையாது. மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வர வண்டிச் செலவும் மத்தியானச் சாப்பாடும் உண்டு. மூன்று வருடம். நாங்கள் எதையும் தீர்மானிப்பதில்லை; படிக்கிறோம், மதிப்பெண் போடுகிறோம், பரிந்துரைக்கிறோம். கையெழுத்துப் போடுவது மேலே இருக்கிற வாரியம். சும்மா வாங்குகிற பொல்லாப்பு என்று என் கணவர் சொன்னார். முழுவதும் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

இப்படி ஓர் ஏற்பாடு ஏன் என்பதற்கு இந்த நாட்டில் ஒரு கதை இருக்கிறது. 1963இல் மாகாணத்துக்கு ஒன்றாக நான்கு நிகழ்கலை மன்றங்களை அரசு அமைத்தது. ஓபரா, பாலே, சிம்பனி, நாடகம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. பணம் எல்லோருடைய வரிப்பணம். அரங்கில் உட்கார்ந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அதே வருடங்களில் இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்த குழு நிலப் பகுதிச் சட்டத்தால் வீடிழந்த இந்தியக் குடும்பங்களை லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வொர்த்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே கூத்து நடந்தது, வீட்டுக்கு வீடு வசூலித்த காசில். பிறகு 1997இல் தேசிய கலை மன்றச் சட்டம் வந்தது. முன்பு ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் உதவி தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அந்தந்தக் கலையைத் தெரிந்தவர்கள் ஆலோசனைக் குழுக்களில் உட்கார வேண்டும் என்பதும் அதில் உண்டு. அமைச்சரின் மைத்துனர் பாட்டுப் பாடுகிறார் என்பதற்காகப் பணம் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனாலும் போகிற இடத்துக்குப் போகத்தான் செய்கிறது. அல்லது போகாமல் நிற்கிறது. 2021 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கில் தேசிய கலை மன்ற அலுவலகத்துக்குள் ஓபரா பாடகி சிபோங்கிலே ம்ங்கோமாவும் மற்றக் கலைஞர்களும் உட்கார்ந்துகொண்டு வாரக்கணக்கில் வெளியே வர மறுத்தார்கள். பெருந்தொற்றுக் கால வேலைவாய்ப்புக்காக ஒதுக்கியது 30 கோடி ரேண்ட்; கையிருப்பை மிஞ்சிய தொகைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கணக்கு எழுதுகிறவளாக அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒப்பந்தம் எழுதுமுன் கூட்டிப் பார்க்க ஒருவர்கூடவா இல்லை?

முதல் வருடம் எனக்கு வந்தவை 68 விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தலைப்பில் மதிப்பெண்: கலைத் தரம், திட்டம் நடக்குமா, சமூகப் பயன், குழுவின் அனுபவம், வரவுசெலவு. ராத்திரி சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். பத்து விண்ணப்பம் தாண்டியதும் ஒரு விஷயம் பிடிபட்டது. "சமூக ஒருங்கிணைவை வளர்த்தெடுக்கும் புத்தாக்க மேடை" என்ற ஒரே வாக்கியம் ஐந்து விண்ணப்பங்களில் ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. ஐந்தும் ஐந்து ஊர். விண்ணப்பம் எழுதித் தருவதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் வாசகம் வைத்திருப்பதைப் போல. தப்பில்லை, எனக்கும் பிழைப்பு எழுத்துத்தான். ஆனால் மதிப்பெண் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால், அந்த ஐந்துக்கும் நான் நிறையப் போட்டிருந்தேன். படிக்கச் சுகமாக இருந்தது, போட்டுவிட்டேன்.

இன்னொன்றுக்கு 2 போட்டேன். மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மஸ்கண்டி கித்தார்க்காரர். மஸ்கண்டி என்பது வேலை தேடி நகரத்துக்கு நடந்த ஜூலு ஆண்கள் வழியெல்லாம் வாசித்துக்கொண்டு போன இசை. அவர் திட்ட விளக்கம் என்ற பெட்டியில் கைப்பட மூன்று வரி எழுதியிருந்தார். தன் பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும், தனக்கு வயதாகிறது, நன்றி. அவ்வளவுதான். வரவுசெலவில் கூட்டல் சரியாக இருந்தது, அதற்கு மட்டும் முழு மதிப்பெண்.

கூட்டத்தில் எங்கள் தலைவி, ஓய்வுபெற்ற இசை ஆசிரியை, அதை அப்படியே விடவில்லை. அவரை நாங்கள் எல்லோரும் மா என்றுதான் கூப்பிடுவோம். என்னை அவர் சிசி என்பார், தங்கை மாதிரி. "சிசி, ஒலிப்பதிவைக் கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார். கித்தார் தனியாக விரல் விரலாகப் பறந்து வந்தது. அந்த முன்னோட்டத்துக்கு இசிஹ்லாபோ என்று பெயர், கிட்டத்தட்ட நம் ஆலாபனையின் இடத்தில் நிற்பது. பிறகு பாட்டு. பாட்டின் நடுவில் அந்த மனிதர் பாடுவதை நிறுத்திவிட்டு மூச்சு விடாமல் பேசத் தொடங்கினார். மா மொழிபெயர்த்தார்: என் பெயர் இது, நான் இன்னாருடைய மகன், இந்த ஆற்றின் தண்ணீர் குடித்தவன், இந்தத் தலைவனின் நாட்டுக்காரன்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, முகத்தைக் காட்டாமல், தான் யார், எந்த தேசத்து ராஜா, எந்த வம்சம் என்று கூத்தில் சொல்லிக்கொண்டு வருவதுதானே இது! 2ஐ அடித்துவிட்டு 5 போட்டேன். தாளில் அந்த அடித்தல் இருக்கும். யாராவது தணிக்கை செய்தால் விளக்கம் கேட்கட்டும்.

கூத்து வாத்தியாருடைய விண்ணப்பம் இரண்டாம் வருடம் வந்தது. அவரை எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய பேத்தி என் சனிக்கிழமை வகுப்பில் படிக்கிறாள். அது மட்டுமல்ல. அவர் வீட்டில் ஒரு பெரிய கணக்கு நோட்டு இருக்கிறது. அவருடைய அப்பா கரும்பாலையிலிருந்து கொண்டுவந்தது. ரேண்டும் சென்ட்டும் எழுதுவதற்குப் போட்ட சிவப்புக் கோடுகளின் மேல் அரிச்சந்திரன் கூத்து முழுவதும் எழுதியிருக்கிறது, தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். ழவும் ளவும் லவும் ஒன்றுதான். ஓரிடத்தில் சந்திரமதி, மகன் உடம்பை மடியில் போட்டுக்கொண்டு "பாலா" என்கிறாளா "பாழா" என்கிறாளா என்று நானும் அவரும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். அப்பா பாடியபடி அவர் பாடிக்காட்டினார். பாடும்போது நாக்கு பின்னால் மடங்கவில்லை. பாலா என்றே எழுதினேன். இப்படி 60 பக்கத்தைத் தமிழ் எழுத்துக்குத் திருப்பியிருக்கிறோம்.

விண்ணப்பம் போடப்போகிறேன், படிவத்தை நிரப்பித் தாருங்கள் டீச்சர் என்று அவர் வந்தபோது, முடியாது அண்ணா, நான் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்றேன். "அதனால்தானே வந்தேன்" என்றார். அதனால்தான் முடியாது என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். கோபமில்லை, ஒரு வகைப் பரிதாபம். சாயா குடித்துவிட்டுப் போய்விட்டார். பேத்தியை வைத்துத் தானே நிரப்பினார்.

விதி எனக்குப் பிடிக்காத விதி அல்ல. நான் படித்த ஊரில் அது கல்லில் வெட்டியிருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை ஒட்டி நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவோம். கி.பி. 919லும் 921லும் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு. குடவோலை என்றதும் எல்லோரும் தேர்தலைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது யார் நிற்கக் கூடாது என்ற பகுதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் சிற்றன்னை பெரியன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார், மைத்துனன், தங்கை வீட்டுக்காரன், மருமகன் யாரும் நிற்கக் கூடாது. உறவுமுறை தெரிந்த எவரோ உட்கார்ந்து ஓட்டை ஓட்டையாக அடைத்திருக்கிறார். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன்தான் குடத்தில் கைவிட்டு ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாதல்லவா! அது பிராமணர் ஊர், நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்குள் நடந்த ஏற்பாடு, ஊருக்கெல்லாம் பொதுவான ஜனநாயகம் அல்ல என்பதை மறைத்துப் பெருமை பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அந்த ஐந்து விரல் எனக்கு மறப்பதில்லை.

11 நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து கூப்பிட்டார்கள். என்ன ஆயிற்று என்று நான் கேட்கக் கூடாது, அவர்கள் சொல்லவும் கூடாது. 38ஆம் எண் ஏற்கெனவே திரையில் இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோழிக்காலைக் கடித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார்.

இசிகாதாமியா என்று ஜூலுக்காரர்களின் பாட்டு ஒன்று உண்டு. விடுதிகளில் தங்கி வேலை பார்த்த ஆண்கள், சத்தம் கேட்காமல் நுனிக்காலில் நடந்தபடி பாடுவது. சனிக்கிழமை ராத்திரி போட்டி வைப்பார்கள். விடிய விடிய நடக்கும். கோட்டு சூட்டு, பளபளக்கிற காலணி, வெள்ளைக் கையுறை. நடுவராக யாரைப் போடுவது? பாட்டுத் தெரிந்தவன் என்றால் ஏதாவது ஒரு குழுவில் அவனுக்கு அண்ணனோ ஊர்க்காரனோ இருப்பான். அதனால் தெருவில் போய் முன்பின் தெரியாத ஒருவனைப் பிடித்து வருவார்களாம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒரு வெள்ளைக்காரன், வீடு வாசல் இல்லாத குடிகாரனாக இருந்தாலும் சரி. ஒரு வார்த்தை புரியாது, ஒரு விதி தெரியாது. விடியும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு முதல் பரிசு யாருக்கு என்று சொல்லிவிட்டுப் போவான்.

"தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா?" என்றேன்.

"திட்டுவார்கள். ஆனால் அவனைத் திட்டுவார்கள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள மாட்டார்கள்" என்றார் மா. எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "இன்றைக்குக் காலையில் அந்தக் குடிகாரன் நான்தான், சிசி."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தயிரைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து வாத்தியாருக்குக் கடிதம் வந்தது. அவரே எடுத்துக்கொண்டு வந்து காட்டினார், அதனால்தான் எனக்குத் தெரியும். இல்லை என்று வந்திருந்தது. பொது நிதி மதச் சடங்குகளுக்கு உரியதல்ல என்பது காரணம். என்ன எழுதினீர்கள் அண்ணா என்று கேட்டேன். நகலைக் கொடுத்தார்.

வரவுசெலவுப் பக்கத்தை முதலில் பார்த்தேன், பழக்கதோஷம். கிரீடம் புதுப்பிக்க மரமும் ஜிகினாவும், அரிதாரம், ஆர்மோனியத்துக்கு ஒரு கட்டை மாற்ற, மத்தளத்துக்குத் தோல், பெட்ரோல். அடுத்து எலுமிச்சம்பழம் 12, தேங்காய் 5, கற்பூரம். எதையும் மறைக்கத் தெரியவில்லை அவருக்கு. விண்ணப்பம் எழுதிப் பிழைக்கிற ஆசாமியாக இருந்தால் அந்த மூன்றையும் "மேடைப் பொருட்கள்" என்று ஒரே வரியில் போட்டிருப்பான். தேங்காயும் கற்பூரமும் சேர்ந்து மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

பிறகு, உங்கள் பார்வையாளர் யார் என்ற கேள்வி. அதற்கு அவர் எழுதியிருந்தது: "முதலில் அம்மன். பிறகு வருகிறவர்கள்."

இந்த இரண்டு வாக்கியத்தைப் படித்த ஏழு பேரில் நான் ஒருத்தியாக இருந்து, கூத்தே தெரியாதவளாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு அதில் சந்தேகமில்லை. கோயில் வாசலைப் பார்த்துத்தான் களரி போடுவார்கள், அம்மனுக்குத்தான் ஆடுகிறோம் என்பார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே கட்டியங்காரன் தர்மகர்த்தாவின் தொப்பையைக் கேலி செய்வான், விலைவாசியைத் திட்டுவான், அம்மனையே ஒரு போடு போடுவான். இது சடங்கா கலையா என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பாட்டி, இட்லியா உணவா என்று கேட்டது போலப் பார்ப்பாள். படிவத்தில் இரண்டு பெட்டி இருந்தது. ஒன்றில்தான் குறி போடலாம். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு, பேணி மதிக்க வேண்டிய மொழிகள் என்று தமிழைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது, குஜராத்திக்கும் தெலுங்குக்கும் கிரேக்கத்துக்கும் பக்கத்தில். படிவம் எழுதியவர்களுக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் இருந்தது. 30 நாள் என்று போட்டிருந்தார்கள். அதையும் நான் எழுதித் தரக் கூடாது. அவரும் கேட்கவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றைச் செய்தேன். வருடக் கடைசியில் விதிமுறைகளைத் திருத்த ஆலோசகர்களிடம் கருத்துக் கேட்பார்கள். கூத்து என்ற சொல்லே வராமல் ஒரு பக்கம் எழுதினேன். வழிபாட்டிடத்தில் நடக்கும் நிகழ்த்துகலை வேறு, வழிபாடு வேறு, ஒரே இரவில் இரண்டும் நடந்தாலும். இசைப்பதிவு அனுப்பியவர்களின் பதிவைக் கேட்காமல் யாரும் மதிப்பெண் போடக் கூடாது. குழுவில் ஒருவர் வெளியேறும்போது அந்தக் கலையைத் தெரிந்த, விண்ணப்பதாரரைத் தெரியாத வெளியாள் ஒருவரின் எழுத்துக் கருத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவதை அந்தக் கூட்டத்திலேயே ஏற்றுக்கொண்டார்கள், மா தட்டிய தட்டில் மேசை அதிர்ந்தது. முதலாவது வாரியத்துக்குப் போயிருக்கிறது. மூன்றாவதற்குப் பணமில்லை.

போன வருடம் என் மூன்று வருடம் முடிந்தது. முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு யாருக்கும் விண்ணப்ப வேலையில் உதவக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். உத்திரமேரூர்க்காரர்கள்கூட ஒரு தடவை இருந்தவனை மூன்று வருடத்துக்குத் திரும்ப உள்ளே விடவில்லை, ஒரு வருடம் என்ன பெரிய விஷயம். அது போன மாதம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை வகுப்பு விட்டதும் வாத்தியார் பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், சட்டைப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த புதுப் படிவத்தை எடுத்தார். நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

மண்டபத்திலேயே உட்கார்ந்தோம். பிள்ளைகள் பலகையில் எழுதிய ழகரம் அழியாமல் இருந்தது. குழுவுக்கு வரிச் சான்றிதழ் இருக்கிறதா, வங்கிக் கடிதம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறி போட்டுக்கொண்டு வந்தேன். எலுமிச்சம்பழத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், அது வாங்கத்தானே போகிறோம் என்றார். சரி, நானும் விட்டேன். பார்வையாளர் பக்கம் வந்தது. இந்தத் தடவை கேள்வியை மாற்றியிருந்தார்கள். எத்தனை பேர் எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு சின்னப் பெட்டி.

"ராத்திரி முழுவதும் என்றால் எத்தனை போடட்டும் அண்ணா? முந்நூறு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மனைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

301 என்று எழுதினேன்.